வாக்கெடுப்பில் வென்ற பெட்டி: சிநெட் தளமும் அதன் உரிமையாளர்களும், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மூத்த தொழில்நுட்பச் செய்தித் தளங்களில் ஒன்று சிநெட். தொடங்கியவர்களிடமிருந்து முதலில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்திடமும், அங்கிருந்து கமிஷன் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்திடமும், கடைசியாக ஒரு பழைய பத்திரிகைக் குழுமத்தின் பெயரைச் சுமக்கும் நிறுவனத்திடமும் அது கை மாறியிருக்கிறது. இந்த ஓட்டத்தில் இரண்டு முறை உரிமையாளரின் வேறு தொழில் செய்தியறைக்குள் நுழைந்தது. 2013 ஜனவரியில் ஒரு விருது காரணம். 2022 நவம்பரில் தொடங்கியது இயந்திரம் எழுதிய கட்டுரைகளின் கதை.

முதல் நிகழ்வை விரிவாக எழுதுகிறேன். இரண்டாவது சேர்ந்து வருவதற்குக் காரணம், பத்தாண்டு இடைவெளியில், வேறொரு உரிமையாளரின் கீழ், அதே தவறு வேறு உருவத்தில் வந்ததுதான். சம்பவங்களில் நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

1990களின் தொடக்கத்தில் ஹால்சி மைனரும் ஷெல்பி பானியும் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம் இது. கணினியைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசுவதுதான் அவர்களுடைய முதல் எண்ணம். மைக்ரோசாஃப்டின் இணை நிறுவனர் பால் ஆலன் ஆரம்பத்திலேயே பணம் போட்டார். 1995இல் நிகழ்ச்சி ஒளிபரப்பானது, அதே ஆண்டு இணையதளமும் திறந்தது. நிகழ்ச்சியை இன்று யாருக்கும் நினைவில்லை. தளம் நிலைத்துவிட்டது. 1996இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

2000ஆம் ஆண்டு, இணைய நிறுவனங்களின் பங்கு விலை வானத்தில் இருந்த நேரம். சிநெட் அந்தப் பங்குகளையே பணமாக வைத்து வாங்கத் தொடங்கியது. மைசைமன் என்ற விலை ஒப்பீட்டுத் தளத்துக்குச் சுமார் 70 கோடி டாலர். கணினிப் பத்திரிகைகளால் பெயர்பெற்ற ஜிஃப் டேவிஸின் இணையப் பிரிவான இசட்டிநெட்டுக்குச் சுமார் 160 கோடி டாலர். ஜிஃப் டேவிஸ் என்ற பெயரை வாசகர் மனதில் வைத்துக்கொள்ளட்டும், கதையின் கடைசியில் அது வேறு வாசல் வழியாகத் திரும்பி வரும்.

குமிழி உடைந்தது, தளம் பிழைத்தது. 2006இல் ஊழியர்களுக்குக் கொடுத்த பங்கு உரிமைகளுக்கு முன்தேதி போட்ட விவகாரத்தில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். அதன் பிறகு நிர்வாகக் குழுவில் இடம் கேட்டு ஒரு முதலீட்டு நிதி நெருக்கியது. 2008 மே மாதம் சிபிஎஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனம், பங்குக்கு 11.50 டாலர் என்று மொத்தம் 180 கோடி டாலர் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது.

சிபிஎஸ் வாங்கியதில் கட்டடமோ சரக்கோ பெரிதில்லை. ஒரு போனையோ டிவியையோ வாங்கும் முன் "சிநெட் என்ன சொல்கிறது" என்று பார்க்கும் பழக்கம் லட்சக்கணக்கானவர்களுக்கு இருந்தது. விலை அதற்குத்தான். அந்தப் பழக்கம் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: மதிப்புரை எழுதுபவரின் கையை யாரும் பிடிக்கவில்லை என்ற நம்பிக்கை.

2012: வழக்குக்குள் போன செட்டாப் பாக்ஸ்

டிஷ் நெட்வொர்க் என்பது செயற்கைக்கோள் வழியாகக் கட்டணத் தொலைக்காட்சி தரும் நிறுவனம். 2012இல் ஹாப்பர் என்ற செட்டாப் பாக்ஸை அது வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. 2 டெராபைட் வட்டு கொண்ட பெட்டி. ஏபிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி ஆகிய நான்கு பெரிய சேனல்களின் மாலை நேர நிகழ்ச்சிகளை வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்காமலே மொத்தமாகப் பதிந்து எட்டு நாள் வைத்திருக்கும்.

இதுவரை யாருக்கும் பெரிய வருத்தமில்லை. அந்த ஆண்டு மே மாதம் டிஷ் சேர்த்த ஆட்டோஹாப் வசதிதான் நெருப்பு வைத்தது. பதிந்த நிகழ்ச்சியை மறுநாள் போட்டால், விளம்பரம் வரும் இடத்தில் பெட்டி தானே தாண்டிவிடும். ரிமோட்டில் வேகமாக ஓட்டும் வேலைகூட இல்லை. விளம்பரத்தில் பிழைக்கும் சேனலுக்கு இது வயிற்றில் அடிப்பது. அதே மாதம் ஃபாக்ஸ், என்பிசி, சிபிஎஸ் மூன்றும் நீதிமன்றத்துக்குப் போயின.

ஆக, 2012 மே மாதத்திலிருந்து நிலைமை இதுதான். சிநெட்டின் தாய் நிறுவனம் ஒரு மின்னணுப் பொருளைச் சட்டவிரோதம் என்று வழக்காடுகிறது. சிநெட்டின் அன்றாட வேலையோ மின்னணுப் பொருள்களுக்கு மதிப்பெண் போடுவது. இவை இரண்டும் ஒருநாள் மோதும் என்பது யாருக்கும் தெரியக்கூடியதுதான். ஆனால் மோதினால் என்ன செய்வது என்று வாசகர் பார்க்கும்படி ஒரு விதி எழுதப்படவில்லை. ஏழு மாதம் அப்படியே போனது. என் கணக்கில் இந்த நிகழ்வின் முதல் தவறு இந்த ஏழு மாதம்தான். பின்னால் நடந்ததெல்லாம் அவசரத்தில் நடந்தது. இது அவகாசம் இருந்தபோது நடந்தது.

2013 ஜனவரி, லாஸ் வேகாஸ்

ஆண்டுதோறும் ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சி சிஇஎஸ். அதன் அதிகாரபூர்வ விருதுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அப்போது சிநெட்டிடம் இருந்தது. கண்காட்சியை நடத்துவது மின்னணு உற்பத்தியாளர்களின் சங்கம். கண்காட்சி அவர்களுடையது, தீர்ப்பு சிநெட்டுடையது என்பது ஏற்பாடு.

அந்த ஆண்டு டிஷ், ஹாப்பரின் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. வீட்டுப் பெட்டியில் ஓடுவதை வெளியூரில் இருந்துகொண்டே டேப்லட்டிலும் போனிலும் பார்க்க உதவும் ஸ்லிங் தொழில்நுட்பம் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருந்தது. சிநெட் ஆசிரியர் குழு அதைப் பார்த்தது, பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. பிறகு கண்காட்சி வளாகத்தில் நிறுத்தியிருந்த தங்கள் ட்ரெய்லரில் கூடி வாக்களித்தது. கண்காட்சியின் மிகச் சிறந்த பொருள் என்ற முதல் விருதுக்கு வென்றது டிஷ்ஷின் பெட்டி.

முடிவு மேலே போனதும் சிபிஎஸ் தலைமை தலையிட்டது. ஹாப்பரை நீக்கிவிட்டு மறுபடி வாக்களிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

இதன் பிறகு நடந்ததை மதிப்புரைப் பிரிவின் தலைமை ஆசிரியரே பிற்பாடு தளத்தில் எழுதினார். இரவு முழுக்கவும் மறுநாள் காலைவரையும் அவரும் அவருக்கு மேலிருந்த நிர்வாகிகளும் இரண்டு கோரிக்கைகளுக்காகப் போராடியிருக்கிறார்கள். முதலாவது, நடந்த வாக்கெடுப்பை மதிக்க வேண்டும். அது எடுபடாது என்று தெரிந்தபோது இரண்டாவது: குறைந்தபட்சம், முதலில் வென்றது எது என்பதையாவது வாசகர்களிடம் திறந்து சொல்ல வேண்டும். இரண்டும் நிராகரிக்கப்பட்டன.

ஜனவரி 10 அன்று விருது அறிவிக்கப்பட்டது. முதல் விருது ரேசர் எட்ஜ் என்ற விளையாட்டு டேப்லட்டுக்கு. அதோடு ஒரு சிறு குறிப்பும் வந்தது. தாய் நிறுவனமான சிபிஎஸ் நடத்தும் வழக்கின் காரணமாக டிஷ் ஹாப்பர் பரிசீலனையிலிருந்து நீக்கப்பட்டது, இனிமேல் இப்படி வழக்கில் இருக்கும் பொருள்களை நாங்கள் மதிப்பிட மாட்டோம் என்று அதில் இருந்தது.

அந்தக் குறிப்பை மறுபடி வாசித்துப் பாருங்கள். பொய் என்று ஒரு சொல்லையும் காட்ட முடியாது. வழக்கு உண்மை, நீக்கியது உண்மை, காரணமும் உண்மை. ஆனால் "பரிசீலனையிலிருந்து நீக்கப்பட்டது" என்பதைப் படிக்கும் ஒருவர், போட்டி தொடங்கும் முன்பே ஓர் ஆட்டக்காரரை ஒதுக்கிவைத்தார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். நடந்தது, கோப்பையை வென்றவரின் கையிலிருந்து அதை வாங்கியது.

அந்த முடிவு ஏன்

சிபிஎஸ் தரப்பை நியாயமாகப் பார்ப்போம். ஒரு பெட்டி சட்டவிரோதம் என்று நீதிமன்றத்தில் வாதாடும் நிறுவனம், தன் சொந்தத் தளத்தின் வழியே அதே பெட்டிக்குக் கண்காட்சியின் மிகச் சிறந்த பொருள் என்று பட்டம் கொடுத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து நீதிபதியிடம் நீட்டுவார். வழக்கறிஞர்களின் பயம் கற்பனையல்ல. சிபிஎஸ் பிறகு வெளியிட்ட விளக்கமும் இந்த வழியில்தான் போனது: இது தனித்த, விதிவிலக்கான சம்பவம், செய்தி எழுதுவதில் சிநெட்டுக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்றது.

ஆசிரியர் தரப்பின் முடிவும் எளிதாக இல்லை. தலைமை ஆசிரியர் அந்த இடத்திலேயே ராஜினாமா செய்திருக்கலாம். ஒருவேளை செய்திருக்க வேண்டுமோ என்று அவரே எழுதினார். விலகினாலும் முடிவு மாறாது, கீழே இருக்கும் குழு தனித்து நிற்கும் என்பதால் அன்றைய நாளைக் கடத்திவிட்டு உள்ளே இருந்து போராடலாம் என்று தங்கிவிட்டார். இதைக் கோழைத்தனம் என்று வெளியில் இருந்து சொல்வது சுலபம். டெஸ்க்கில் உட்கார்ந்து, மேலிருந்து வந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரே பத்துப் பேர் முகம் பார்க்க நின்றவர் யாரும் அவ்வளவு வேகமாகச் சொல்ல மாட்டார்.

என்றாலும் ஒரு வித்தியாசம் முக்கியம். விருதைத் தடுத்தது உரிமையாளரின் சட்ட நலன் சார்ந்த முடிவு, அதற்கு ஒரு வாதம் உண்டு. வாக்கு முடிவை மறைத்ததற்கு அந்த வாதம் பொருந்தாது. விருது போகவில்லை என்றால் எதிர்த்தரப்புக்குப் பட்டம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் தேவை. மறைத்தது சங்கடத்தைத் தவிர்க்க. சங்கடம் நான்கு நாள்தான் தள்ளிப்போனது.

பின்விளைவு

ஜனவரி 14 அன்று வேறொரு தொழில்நுட்பத் தளம், ஹாப்பர்தான் வாக்கெடுப்பில் வென்றது என்பதை வெளியிட்டது. அதே நாள் சிநெட்டின் மூத்த செய்தியாளர் ஒருவர், ஆசிரியர் சுதந்திரத்தில் சிபிஎஸ்ஸுக்கு அக்கறை இருப்பதாகத் தான் இனி நம்பவில்லை என்று ட்விட்டரில் சொல்லிவிட்டு வேலையை விட்டார். விருது விவகாரத்தில் அவருக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. அவர் செய்தி எழுதுபவர். சிபிஎஸ் "முழுச் சுதந்திரம்" இருப்பதாகச் சொன்ன அதே பிரிவிலிருந்துதான் முதல் ராஜினாமா வந்தது.

அன்றுதான் தலைமை ஆசிரியரின் விளக்கக் கட்டுரையும் வந்தது. மறுபடி இந்த நிலை வந்தாலும் விலக மாட்டேன், ஆனால் டிஷ் வென்றது என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்ற முடிவை மீற முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது அதன் சாரம். இந்த நிகழ்வில் கலந்துகொண்டவர்கள் சொன்னதில் எனக்கு மிக நேர்மையாகப் பட்டது இதுதான். எது தன் கையில் இருந்தது, எது இல்லை என்று அவர் பிரித்துப் பார்த்துவிட்டார்.

ஜனவரி 31 அன்று கண்காட்சிச் சங்கம் ஹாப்பரையும் முதல் விருதுக்கு உரியதாக அறிவித்தது. ரேசரின் விருது அப்படியே இருக்க, இரண்டும் கூட்டு வெற்றி ஆயின. சிநெட்டுடனான விருது ஏற்பாடும் முடிந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்பு எங்காட்ஜெட் தளத்துக்குப் போனது. இந்தச் சங்கம் நடுநிலையான நடுவர் ஒன்றும் இல்லை, பெட்டி செய்பவர்களின் சங்கம் அது. சேனலுக்கும் பெட்டிக்கும் சண்டை என்றால் அது எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் தன் பக்கம் எது என்பதை அது மறைக்கவும் இல்லை.

வாசகருக்கு நேர்ந்த இழப்பு பேசப்படாமல் போனது. வழக்கில் இருப்பதை மதிப்பிட மாட்டோம் என்ற விதி ஹாப்பரோடு நிற்கவில்லை. சாதாரண அலைவரிசைத் தொலைக்காட்சியை இணையம் வழியாகத் தந்த ஏரியோ மீதும் சிபிஎஸ் வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. அதன் மதிப்புரையும் சேர்ந்து போனது. எதை வாங்குவது என்று கேட்டுவந்தவருக்கு, அன்று பரபரப்பாகப் பேசப்பட்ட இரண்டு பொருள்களைப் பற்றி அந்தத் தளம் வாய் திறக்காது.

வழக்கு என்ன ஆயிற்று? 2014 டிசம்பரில் சிபிஎஸ்ஸும் டிஷ்ஷும் சேனல் கட்டணத் தகராறு ஒன்றை முடித்துக்கொண்டபோது இதையும் சேர்த்து முடித்துக்கொண்டன. சிபிஎஸ் நிகழ்ச்சிகளுக்கு, ஒளிபரப்பான முதல் ஏழு நாள் ஆட்டோஹாப் வேலை செய்யாது என்பது உடன்பாடு. சிநெட்டின் பெயரைக் கெடுத்த சண்டை, பேரத்தின் ஒரு ஷரத்தாக முடிந்தது.

உரிமையாளர் மாறினார், 77 கட்டுரைகள் வந்தன

2020இல் சிபிஎஸ்ஸின் வாரிசு நிறுவனம் சிநெட் குழுமத்தை ரெட் வென்ச்சர்ஸுக்கு 50 கோடி டாலருக்கு விற்றது. தென் கரோலினாவைச் சேர்ந்த இந்த நிறுவனம் பேங்க்ரேட், தி பாயின்ட்ஸ் கய் போன்ற பணம் சார்ந்த தளங்களை ஏற்கெனவே வைத்திருந்தது. அதன் தொழிலை ஒரு வரியில் சொல்லலாம்: கூகுளில் தேடி வருபவர் கட்டுரையைப் படிக்கிறார், அதில் உள்ள சுட்டி வழியாகக் கிரெடிட் கார்டுக்கோ கணக்குக்கோ விண்ணப்பிக்கிறார், வங்கி கமிஷன் தருகிறது. அப்படிப் பார்த்தால் கட்டுரை என்பது வலை. வலை எவ்வளவு மலிவாகவும் அகலமாகவும் இருக்கிறதோ அவ்வளவு மீன்.

2022 நவம்பரில் சிநெட்டின் பணப் பிரிவில் "கூட்டு வட்டி என்றால் என்ன" என்பது போன்ற விளக்கக் கட்டுரைகள் வரத் தொடங்கின. எழுதியவர் பெயர் வரும் பைலைனில் "சிநெட் மனி ஸ்டாஃப்" என்றிருந்தது. அதாவது, பணப் பிரிவு ஊழியர்கள். அந்தப் பெயரைத் தொட்டால் ஒரு சிறு பெட்டி திறக்கும். தானியங்கித் தொழில்நுட்பத்தால் உருவாக்கி, எங்கள் ஆசிரியர் சரிபார்த்தது என்று அதற்குள் எழுதியிருந்தது. பைலைனைத் தொட்டுப் பார்க்கும் வாசகர் எத்தனை பேர்?

2023 ஜனவரியில் இதைக் கண்டுபிடித்தது மறுபடியும் வெளியாட்கள். தேடல் துறையில் வேலை செய்யும் ஒருவர் கவனித்துச் சொன்னார், மற்றத் தளங்கள் தோண்டின. கூட்டு வட்டிக் கட்டுரையில், 10,000 டாலரை ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் ஆண்டில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று இருந்தது. வட்டி 300 டாலர்தான். அடகுக் கடையில் கணக்கு எழுதும் பையன் ஒரு பார்வையில் பிடித்திருப்பான். கார் கடன் பற்றிய பகுதியில், 25,000 டாலருக்கு 4 சதவீதம் என்றால் ஆண்டுதோறும் 1,000 டாலர் வட்டி என்றிருந்தது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பது விட்டுப்போயிருந்தது.

ஆசிரியர் பார்த்த பிறகும் இது எப்படித் தப்பியது என்பது எனக்குப் புதிராகத் தெரியவில்லை. புதிதாக வேலைக்கு வந்த ஒருவரின் கட்டுரையில் தவறு இருந்தால் வாக்கியமும் தடுமாறும், கண் அங்கே நிற்கும். இயந்திரத்தின் வாக்கியம் எங்கேயும் தடுமாறாது. சரியான எண்ணையும் தவறான எண்ணையும் ஒரே தெளிவான குரலில் சொல்லும். பழகிய கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

நிர்வாகம் கருவியை நிறுத்திவைத்தது. 77 கட்டுரைகளையும் மறுபடி பார்த்ததில் 41இல் திருத்தம் தேவைப்பட்டது என்று தளத்தின் அப்போதைய தலைமை ஆசிரியர் (2013இல் விளக்கம் எழுதியவர் அல்ல) அறிவித்தார். பெரும் பிழைகள் சிலவே, மற்றவை நிறுவனப் பெயர் முழுமையாக இல்லாதது, இலக்கம் இடம் மாறியது போன்றவை என்றார். பிற தளங்களின் வாக்கியங்களோடு ஒத்துப்போகும் இடங்களும் கிடைத்தன. பைலைன் முறை மாறியது, இயந்திரம் எழுதியது என்ற குறிப்பு பக்கத்தின் மேலேயே தெரியும்படி ஆயிற்று. மார்ச் மாதம் ஆட்குறைப்பு நடந்தது. தலைமை ஆசிரியர் செயற்கை நுண்ணறிவு உள்ளடக்கத்தைக் கவனிக்கும் பதவிக்கு நகர்ந்தார். மே மாதம் சுமார் நூறு ஊழியர்கள் அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் கிழக்குப் பிரிவில் சேரப்போவதாக அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஆசிரியர் சுதந்திரமும் இயந்திர எழுத்தும் இருந்தன.

விளைவுகளில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள் எந்தச் செய்தித் தளத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் சிநெட்டை அவர்கள் காலவாரியாக வெட்டினார்கள். 2020 அக்டோபருக்கு முந்தையது நம்பத்தக்கது. 2022 நவம்பருக்குப் பிந்தையது பொதுவாக நம்பத்தகாதது என்று அப்போது குறித்தார்கள். முதல் தேதி ரெட் வென்ச்சர்ஸுக்குக் கைமாறிய மாதம். ஒரு தளத்தின் உரிமைப் பத்திரம் மேற்கோள் விதியாக மாறியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2024: பழைய பெயர் திரும்பியது

2024 ஆகஸ்டில் ஜிஃப் டேவிஸ் சிநெட்டை வாங்குவதாக அறிவித்தது. இசட்டிநெட்டும் கூடவே வந்தது. இருபத்து நான்கு ஆண்டுக்கு முன் யாருடைய இணையப் பிரிவைச் சிநெட் விழுங்கியதோ, அந்தப் பெயரே இப்போது சிநெட்டை வாங்கியது. பெயர் மட்டும்தான் அதே. இடையில் அந்த நிறுவனமும் பலமுறை விற்கப்பட்டு, இணையத் தொலைநகல் சேவையால் வளர்ந்த ஜே2 குளோபலின் கைக்குப் போய், கடைசியில் அந்த ஜே2வே தன் பெயரை ஜிஃப் டேவிஸ் என்று மாற்றிக்கொண்டிருந்தது.

விலை 10 கோடி டாலருக்குச் சற்று மேல் என்று செய்திகள் வந்தன. 180 கோடி, 50 கோடி, 10 கோடி என்று அடுக்கிவைத்து நம்பிக்கையின் விலை இப்படிச் சரிந்தது என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். மூன்று முறையும் விற்றது ஒரே மூட்டை அல்ல. கேம்ஸ்பாட், மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்களை ரெட் வென்ச்சர்ஸ் 2022இலேயே பிரித்து விற்றிருந்தது. இணைய விளம்பரப் பணமும் இதற்குள் வேறு இடங்களுக்குப் போய்விட்டது. இந்தச் சரிவில் இரண்டு நிகழ்வுகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

2013 நிகழ்வில் மாற்ற வேண்டிய நேரம் விருது இரவு அல்ல, பரிந்துரைப் பட்டியல் தயாரான நாள். தாய் நிறுவனம் யார் யார் மீது வழக்கு நடத்துகிறது என்ற ஒரு பக்கத் தாள் ஆசிரியர் மேசையில் இருந்திருந்தால், ஹாப்பர் பட்டியலுக்கு வரும்போதே கேள்வி எழுந்திருக்கும். அப்போது நீக்கினால் அதைச் சுயகட்டுப்பாடு என்பார்கள். வாக்கெடுப்புக்குப் பிறகு நீக்கினால் அதன் பெயர் வேறு. கண்காட்சிச் சங்கத்தோடு போட்ட ஏற்பாட்டிலேயே, இப்படிப்பட்ட பொருள் வந்தால் அந்த ஒன்றுக்கு வெளி நடுவர் என்று எழுதியிருக்கலாம்.

வாக்கெடுப்பு முடிந்துவிட்டது, இனித் திருப்ப முடியாது என்ற கட்டத்தில்கூட ஒரு வாக்கியம் மீதி இருந்தது: "எங்கள் ஆசிரியர் குழு ஹாப்பரைத் தேர்ந்தெடுத்தது. எங்கள் உரிமையாளர் அதன் மீது வழக்கு நடத்துவதால் விருதைத் தரவில்லை." இதை வெளியிட்டிருந்தால் சிபிஎஸ் திட்டு வாங்கியிருக்கும், சிநெட் தப்பியிருக்கும். வேறொரு தளத்துக்கு ஜனவரி 14இல் எழுத எதுவும் இருந்திருக்காது.

77 கட்டுரைகள் விஷயத்தில் முதல் ஐந்தை வெளியிட்டதும் நிறுத்தி, எண்களை மட்டும் வேறொருவர் கையால் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் போதும். "ஸ்டாஃப்" என்ற சொல்லைப் பைலைனில் போட்டதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. கருவியைப் பரிசோதிப்பது குற்றமில்லை, அதை ஊழியர் என்று கூப்பிட்டது குற்றம். 2013 குறிப்பைப் போலவே இங்கேயும் உண்மை எங்கோ எழுதித்தான் இருந்தது, வாசகரின் கண் படாத இடத்தில்.

2025 ஜனவரியில் சிஇஎஸ் கண்காட்சியின் அதிகாரபூர்வ விருதுகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு சிநெட் குழுமத்திடம் திரும்பியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஜிஃப் டேவிஸ், தன் கட்டுரைகளை அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதாக ஓபன்ஏஐ மீது பதிப்புரிமை வழக்குப் போட்டது. மறுபடியும் தாய் நிறுவனம் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தோடு நீதிமன்றத்தில். இந்த முறை சிநெட் ஓபன்ஏஐயின் சாட்ஜிபிடியைப் பற்றி எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதிய கட்டுரைகளுக்குள்ளேயே ஒரு வரி வந்தது: சிநெட்டின் தாய் நிறுவனமான ஜிஃப் டேவிஸ் ஏப்ரலில் ஓபன்ஏஐ மீது வழக்குத் தொடர்ந்துள்ளது என்று. அதைப் பார்க்க எதையும் தொட வேண்டியதில்லை.